ஆயிரம் ரூபாய்ப் பெட்டி: டவுன் வீட்டுக்கு ஒரு சுவிட்ச்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு போய்விடலாம். ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டியில் லேன் போர்ட் (நெட் வயர் சொருகும் துளை) தீர்ந்துவிட்டது, இன்னும் மூன்று நான்கு சாமான்களை வயரில் மாட்ட வேண்டும் என்றால், ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் ஐந்து போர்ட் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) சுவிட்ச், அதாவது ஒரு லேன் போர்ட்டைப் பலவாக்கித் தரும் பெட்டி ஒன்றை வாங்குங்கள், மிச்சப் பணத்தை நல்ல செம்பு வயருக்குப் போடுங்கள். நான் வாங்கியது டிபி-லிங்க் எல்எஸ்1005ஜி. டி-லிங்க், டெண்டா, மெர்க்குசிஸ் எல்லாரும் இதே வேலையைச் செய்யும் பெட்டிகளை விற்கிறார்கள், பெயரைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இந்த விலையில் இதைவிட அதிகமாக உழைக்கும் சாமான் எங்கள் வீட்டில் வேறு எதுவும் இல்லை.

இனி விவரம் வேண்டுபவர்களுக்கு.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில், ரதவீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. இந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்பக்கம் அகலம் கொஞ்சம்தான், உள்ளே போகப் போக தார்சா (வாசலை ஒட்டிய முன்பகுதி), பட்டாசல் (கூடம்), இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று வீடு போய்க்கொண்டே இருக்கும், நடுவில் மச்சுக்கு ஒரு மரப்படி. சுவரெல்லாம் சுண்ணாம்புக் காரை, நல்ல கனம். ஃபைபர் கொண்டுவந்தவர்கள் வாசலை ஒட்டி, தார்சாவிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள் (பெரும்பாலும் அப்படித்தான் மாட்டுவார்கள், அவர்களுக்கு வயர் மிச்சம்). அங்கிருந்து வைஃபை பட்டாசல் வரைக்கும் நன்றாக வரும். இரண்டாங்கட்டில் தேய்ந்துவிடும். அடுக்களையில் அம்மாவின் போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும்.

காரைச்சுவர் மட்டும் காரணமில்லை. டவுனில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர், இடது பக்கத்துக்காரர் ரூட்டரும் வலது பக்கத்துக்காரர் ரூட்டரும் எதிர்வீட்டு ரூட்டரும் எல்லாம் ஒரே காற்றில்தான் பேசுகின்றன. வைஃபை பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல் என்று பார்த்தால் 1, 6, 11 என்று மூன்றுதான் தேறும், தெருவில் இருக்கும் அத்தனை வீடும் அந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்ள வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, கூட்டமும் குறைவு, ஆனால் இந்தச் சுவருக்கு முன்னால் அது படுத்துவிடும். ஆனித் தேரோட்டத்துக்கு உறவுக்காரர்கள் எல்லாம் வந்து இறங்கி ஆளுக்கொரு போனை வைஃபையில் போட்டால், அப்பாவின் டிவி சுற்றிக்கொண்டே நிற்கும், அப்பா என்னைப் பார்ப்பார்.

நகராத சாமானை வயரில் போட்டுவிட வேண்டும், நகர்கிறதுக்கு மட்டும் வைஃபையை விட வேண்டும். இது ஒன்றும் புதிய தத்துவம் இல்லை, ஆனால் கடைக்காரர்கள் சொல்லமாட்டார்கள். எங்கள் வீட்டில் நகராதவை எவை என்று பார்த்தால், பட்டாசலில் டிவி, அதற்குப் பக்கத்தில் கேமரா பதிவாகிற என்விஆர் பெட்டி, பிரிண்டர், மச்சில் என் வேலை கம்ப்யூட்டர், இரண்டாங்கட்டில் அக்கா மகன் லீவுக்கு வந்தால் விளையாடுகிற கம்ப்யூட்டர். மொத்தம் ஐந்து. ஃபைபர் பெட்டியில் இருந்த லேன் போர்ட்டோ இரண்டு. அதிலும் ஒன்றுதான் கிகாபிட், இன்னொன்று 100 எம்பிபிஎஸ்.

பாளையங்கோட்டையில் நான் வழக்கமாகப் போகிற கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சி நல்ல மனுஷன், ஆனால் வியாபாரி. விஷயத்தைச் சொன்னதும், “எதுக்கு தம்பி வயரப் போட்டு இழுத்துக்கிட்டுக் கெடக்கிய? மெஷ் ரெண்டு பீஸ் எடுத்துட்டுப் போங்க, வீடு பூரா சிக்னல் அள்ளிக்கிட்டு வரும்” என்றார். மெஷ் என்றால் வீட்டில் ஆங்காங்கே வைத்து, ஒன்றோடொன்று வைஃபையிலேயே பேசிக்கொள்ளும் பெட்டிகள். விலை ஆறாயிரத்துக்கு மேல். “மெஷ்ஷுக்கும் பின்னால வயர் குடுத்தாத்தானே அண்ணாச்சி ஒழுங்கா ஓடும், நம்ம சுவருக்கு?” என்று கேட்டேன். “அது வாஸ்தவந்தான்” என்று சிரித்துக்கொண்டே சுவிட்சை எடுத்து மேஜைமேல் வைத்தார். மெஷ் கெட்ட சாமான் இல்லை. புது கட்டட வீடு, செங்கல் சுவர், இரண்டு மாடி என்றால் யோசிக்கலாம். ஆனால் ஒரு மெஷ் பெட்டிக்கும் அடுத்த மெஷ் பெட்டிக்கும் இடையில் சிக்னல் போவதும் இதே காற்றில்தான், இதே காரைச்சுவரைத் தாண்டித்தான். கனமான சுவருள்ள வீட்டில் மெஷ் வாங்கியும் வயர் இழுக்க வேண்டியிருக்கும் என்றால், முதலில் வயரை இழுத்துவிட்டுப் பிறகு மெஷ் தேவையா என்று பார்க்கலாமே.

கரண்ட் வயரிலேயே இன்டர்நெட்டை அனுப்பும் பவர்லைன் அடாப்டரும் உண்டு. வீட்டில் மூன்று பேஸ் ஓடி, இந்த அறை ஒரு பேஸிலும் அந்த அறை இன்னொரு பேஸிலும் இருந்தால் அது தடுமாறும், நடுவில் இன்வெர்ட்டர் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். அதை விட்டுவிட்டேன்.

சரி, பெட்டிக்கு வருவோம். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் பெட்டி. ஐந்து ஆர்ஜே45 போர்ட் (லேன் போர்ட்தான்), கரண்டுக்குத் தனி அடாப்டர், சின்னச் சின்ன விளக்குகள், அவ்வளவுதான். ஃபேன் கிடையாது, அதனால் சத்தம் கிடையாது. செட்டிங்ஸ் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, ஆப் கிடையாது, அக்கவுண்ட் திறக்கச் சொல்லாது. எல்லாமே ஆப் கேட்கிற காலத்தில் இது பெரிய நிம்மதி. ஃபைபர் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு வயரைச் சுவிட்சின் ஏதாவது ஒரு போர்ட்டில் சொருக வேண்டும், மற்ற நாலில் உங்கள் சாமான்களைச் சொருக வேண்டும், வேலை முடிந்தது. எந்தப் போர்ட் உள்ளே வருவது, எந்தப் போர்ட் வெளியே போவது என்ற பேதம் இல்லை. ஒரு காலத்தில் இதற்கு நேர் வயரா குறுக்கு வயரா என்று பார்க்க வேண்டியிருந்தது, இப்போது பெட்டியே பார்த்துக்கொள்ளும். ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாமானுக்கும் உள்ள எண்) கொடுக்கிற வேலையை வழக்கம்போல ஃபைபர் பெட்டிதான் செய்யும், சுவிட்ச் அதில் தலையிடாது.

ஒரு கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஐந்து போர்ட் சுவிட்ச் வாங்கினால் ஐந்து போர்ட் கூடிவிடாது. சுவிட்சில் ஒன்று மேல் இணைப்புக்குப் போகும், ஃபைபர் பெட்டியில் ஒன்றை அது அடைத்துக்கொள்ளும். ஆக, கையில் கூடுவது மூன்றுதான். எங்கள் வீட்டுக்கு 2 இருந்தது 5 ஆனது, ஐந்து சாமானுக்குச் சரியாகப் பொருந்தியது. ஆறாவது வரும் என்று தோன்றினால் கொஞ்சம் கூடப் போட்டு எட்டு போர்ட் எடுத்துவிடுங்கள், ஐந்து போர்ட்டுக்கும் எட்டு போர்ட்டுக்கும் விலையில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம் இருக்கும்.

எல்லாரும் கேட்கும் கேள்வி: “ஐந்தாகப் பிரிச்சா வேகமும் ஐந்தாகப் பிரிஞ்சிராதா?” பிரியாது. சுவிட்சுக்கு முன்னால் இருந்த பழைய காலத்து ஹப் பெட்டி தெருவில் தண்டோரா போடுகிற ஆள், யாருக்குச் சேதி என்று பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் கத்தும். சுவிட்ச் தபால்காரர். எந்தப் போர்ட்டில் எந்தச் சாமான் இருக்கிறது என்பதை அவற்றின் மேக் முகவரியை (ஒவ்வொரு சாமானுக்கும் உள்ள அடையாள எண்) பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டு, உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். ஒவ்வொரு போர்ட்டும் போக ஒரு கிகாபிட், வர ஒரு கிகாபிட் என்று ஒரே நேரத்தில் ஓடக்கூடியது. ஐந்து போர்ட்டுக்கும் சேர்த்துப் பெட்டியில் 10 ஜிபிபிஎஸ் என்று போட்டிருப்பது இந்தக் கணக்குத்தான், அதைப் பார்த்துப் பத்து ஜிபி இன்டர்நெட் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் அனுப்பினால் அந்தப் போக்குவரத்து ஃபைபர் பெட்டியைத் தொடுவதே இல்லை, சுவிட்சுக்குள்ளேயே முடிந்துவிடும். பங்கு போடப்படுவது இன்டர்நெட் மட்டும்தான், அது சுவிட்ச் இல்லாவிட்டாலும் பங்குதான் போடப்படும். நீங்கள் எடுத்திருப்பது 100 எம்பிபிஎஸ் பிளான், சுவிட்ச் தாங்குவது 1000. நெருக்கடி எங்கே வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற 100 எம்பிபிஎஸ் சுவிட்ச் போதாதா? நியாயமான கேள்வி. டிவிக்கும் பிரிண்டருக்கும் கேமராவுக்கும் மட்டும் என்றால் போதும். நம் வீடுகளில் இருக்கும் டிவிக்களில் பெரும்பாலானவற்றின் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான், 4கே படத்துக்கே 25 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். ஒரு 2 மெகாபிக்சல் கேமரா 2 முதல் 4 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். ஆனால் 100 எம்பிபிஎஸ் போர்ட் என்பது கையில் கிடைக்கும்போது 94, 95தான். இன்றைக்கு 100 பிளான், நாளைக்கே நிறுவனம் அதே காசுக்கு 150, 200 என்று கூட்டிக் கொடுத்தால் நடுவில் இந்தப் பெட்டி அடைத்துக்கொண்டு நிற்கும். ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்துப் பிறகு இன்னொரு ஆயிரம் செலவழிப்பதா? கிகாபிட்டே வாங்குங்கள். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 10/100/1000 என்று இருக்கிறதா என்று படியுங்கள். 10/100 என்று மட்டும் இருந்தால் அது பழைய ரகம். இரண்டும் வெளியில் ஒரே மாதிரி இருக்கும், பெயரிலும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம் இருக்கும், எல்எஸ்1005 வேறு, எல்எஸ்1005ஜி வேறு. அவசரத்தில் கடைப்பையன் மாற்றிக் கொடுத்தாலும் தெரியாது.

குறை என்று சொல்ல வேண்டுமானால் இந்த வகை பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு எடை கிடையாது. நாலைந்து கனமான வயரைச் சொருகினால் வயர் இழுத்த இழுப்புக்குப் பெட்டி போகும், மேஜைமேல் நிற்காது. சுவரில் ஒரு சின்னப் பலகை அடித்து, வயரை இரண்டு இடத்தில் டேக் போட்டுக் கட்டி வைத்தால் சரியாகிவிடும். இதே நிறுவனங்கள் இரும்பு உடம்போடு விற்கிற ரகமும் உண்டு, விலை சில நூறு கூடுதல், உள்ளே செய்கிற வேலை ஒன்றுதான். கடை வைத்திருப்பவர்கள், தூசியும் சூடும் உள்ள இடத்தில் வைப்பவர்கள் இரும்பை எடுக்கலாம், வீட்டுக்குப் பிளாஸ்டிக் போதும். தரையோடு தரையாக மட்டும் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிறகு இந்த ஊரில் கரண்ட் சாமானைத் தரையில் வைக்கிற தைரியம் யாருக்கும் இருக்காது என்று நினைக்கிறேன். கரண்டு செலவைக் கேட்கவே வேண்டாம், மூன்று வாட் என்று வைத்துக்கொண்டாலும் இரவு பகலாக ஓடி மாதத்துக்கு இரண்டு யூனிட்டைச் சுற்றித்தான் வரும். அடாப்டரை ஃபைபர் பெட்டி இருக்கிற அதே இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். ஒன்று ஓடி மற்றொன்று அணைந்தால் கரண்ட் போன நேரத்தில் புண்ணியமில்லை.

இனி வயர். உண்மையில் இந்த மொத்த விஷயத்திலும் காசு போவதும், கோட்டை விடுவதும் இங்கேதான். சுவிட்ச் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஓடிவிடும், வயர் அப்படியில்லை.

எங்கள் வீட்டில் முன்பு கேமரா மாட்டிய ஆள் ஒருவர் பட்டாசலிலிருந்து மச்சுக்கு ஏற்கெனவே ஒரு வயர் இழுத்திருந்தார், கேட் 6 (லேன் வயரின் தரத்தைச் சொல்லும் பெயர்) என்று மேலே அச்சடித்திருந்தது. புது சுவிட்சை மாட்டி அந்த வயரில் என் கம்ப்யூட்டரைப் போட்டால் லிங்க் ஸ்பீடு 100 என்றே காட்டியது, கிகாபிட் ஏறவே இல்லை. சந்தேகம் வந்து முனையை வெட்டி, உள்வயரைப் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பார்த்தால் மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். கடைகளில் இதை சிசிஏ என்பார்கள், விலையில் பாதிக்குப் பாதி இருக்கும். அலுமினியம் கரண்டைக் கடத்துவதில் செம்பில் அறுபது சதவீதத்தை ஒட்டித்தான் வரும், இரண்டு தடவை வளைத்தால் ஒடிந்தும் போகும். கேட் 5இ, கேட் 6 தரத்துக்கு உள்ளே முழுச் செம்புதான் இருக்க வேண்டும். இதில் முலாம் வயருக்கு இடமே கிடையாது, அப்புறம் எப்படி அந்தப் பெயரை அச்சடிக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஏன் 100-இலேயே நின்றது என்பதற்கும் காரணம் இருக்கிறது. வயருக்குள் எட்டுக் கம்பி, நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். எட்டில் நீல ஜோடியிலோ பிரவுன் ஜோடியிலோ ஒரு கம்பி கிளிப்புக்குள் ஒடிந்தாலும் மிச்ச ஜோடிகளை வைத்து இரண்டு பக்கமும் சமரசம் செய்துகொண்டு 100-இல் ஓடும். நெட் வருகிறதே என்று நாமும் பேசாமல் இருந்துவிடுவோம். அதனால் வயர் இழுத்து முடித்த எலெக்ட்ரீஷியனிடம் “நெட் வருதா” என்று கேட்காதீர்கள், “ஆயிரம் காட்டுதா” என்று கேளுங்கள். விண்டோஸில் நெட்வொர்க் விவரத்தைத் திறந்தால் லிங்க் ஸ்பீடு 1000/1000 என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் இரண்டு முனையையும் வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யச் (கிளிப்பை வயரோடு அழுத்திப் பொருத்தச்) சொல்லுங்கள், பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

கிரிம்ப் செய்யும் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். கிளிப்பின் பூட்டு கீழே, கம்பி முனை மேலே பார்க்க, இடமிருந்து வலம். இரண்டு முனையிலும் இதே வரிசை. பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீல ஜோடியை வைப்பதுதான் பலருக்கு விசித்திரமாகப் படும், அதை “ஒழுங்காக” வரிசைப்படுத்துகிறேன் என்று நிறம் நிறமாக அடுக்கி வைக்கிற ஆட்களும் உண்டு. நேராக எட்டும் எட்டோடு சேர்ந்திருக்கிறதே என்று டெஸ்டரில் விளக்கு எரியும், ஆனால் முறுக்கிய ஜோடி கலைந்துவிட்டதால் கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் சொதப்பும். கிரிம்பிங் டூல் முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, கை பழகிவிட்டால் வீட்டு வேலைக்கு ஆளைக் கூப்பிட வேண்டியதே இல்லை.

நான் புதிதாக எடுத்தது முழுச் செம்பு கேட் 6, மீட்டர் கணக்கில். பெட்டியாக வாங்கினால் 305 மீட்டர் வரும், வீட்டுக்கு அவ்வளவு எதற்கு. கிகாபிட்டுக்கு கேட் 5இ-யே போதும், நூறு மீட்டர் வரைக்கும் தாங்கும், டவுனில் எவ்வளவு நீள வீடாக இருந்தாலும் நூறு மீட்டர் வராது. கடையில் நல்ல 5இ கிடைத்து மோசமான 6 கிடைத்தால் 5இ-யை எடுங்கள். கடைக்காரர் முன்னாலேயே ஒரு துண்டைச் சுரண்டிப் பாருங்கள், நல்ல சாமான் விற்கிறவர் கோபப்படமாட்டார்.

வயர் போட்ட விதத்தைச் சொல்ல வேண்டும், பழைய வீட்டுக்காரர்களுக்கு உதவும். காரைச்சுவரைக் கொத்திப் பைப் புதைக்கிற வேலை வேண்டவே வேண்டாம், ஒரு இடத்தில் தட்டினால் மூன்று இடத்தில் உதிரும். உத்திரத்தை ஒட்டி கேசிங் பட்டி அடித்து அதற்குள் விட்டோம், நிறமும் மரத்தோடு ஒத்துப் போகிற மாதிரி பிரவுனில் எடுத்தோம், தலையைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். மச்சில் எலி உண்டு, அங்கே மட்டும் பிவிசி பைப்புக்குள் விட்டோம். எலெக்ட்ரீஷியன் தம்பி வேலை மிச்சம் என்று ஏற்கெனவே போயிருந்த கரண்ட் பைப்புக்குள்ளேயே இதையும் சேர்த்து விடப் பார்த்தார். “வேண்டாம்டே, இது தனியா போகட்டும்” என்று நிறுத்தினேன். 230 வோல்ட் போகிற குழாய்க்குள் டேட்டா வயர் போகக் கூடாது, அது வேகப் பிரச்சினைக்கு முன்னால் உயிர்ப் பிரச்சினை. பக்கத்துப் பக்கத்தில் போக வேண்டி வந்தால் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், குறுக்கே போக வேண்டி வந்தால் நேர்க்கோணத்தில் தாண்டுங்கள்.

ஆயிரம் ரூபாயும் செலவழிக்க மனமில்லையா? பரண்மேல் பழைய ரூட்டரோ, ஒரு காலத்து டெலிபோன் லைன் பிராட்பேண்ட் மோடமோ கிடந்தால் அதுவே சுவிட்ச் ஆகும். நாலு லேன் போர்ட் உள்ள எந்த ரூட்டருக்குள்ளும் ஒரு சுவிட்ச் உட்கார்ந்திருக்கிறது. முதலில் அதைத் தனியாக ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, அதன் செட்டிங்ஸில் அதனுடைய லேன் ஐபியை மாற்றுங்கள், ஃபைபர் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.250 என்பது போல, ஃபைபர் பெட்டி மற்றவர்களுக்குக் கொடுக்கிற எண் வரிசைக்கு வெளியே இருக்கும்படி. அடுத்து அதில் டிஹெச்சிபியை (ஐபி கொடுக்கிற வசதி) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் ஐபி கொடுக்க இரண்டு பேர் இருப்பார்கள், சாமான்கள் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் பாதி நேரம் நெட் இல்லாமல் முழிக்கும். பிறகு ஃபைபர் பெட்டியின் லேனிலிருந்து இதன் லேனுக்கு வயர், இதன் வான் (WAN) போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து இன்டர்நெட் வருகிற போர்ட்டை, காலியாக விடுங்கள். புது ரூட்டர்கள் சிலவற்றில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் என்றே இருக்கும், அதைத் தட்டினால் இத்தனையும் தானாக நடக்கும். கூடுதல் லாபமாக அதன் வைஃபையும் அங்கே கிடைக்கும். எங்கள் இரண்டாங்கட்டில் அப்படித்தான் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அடுக்களையில் அம்மாவின் போன் இப்போது வைஃபையிலேயே நிற்கிறது. பழைய பெட்டிகள் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான், அதை நினைவில் வைத்துக்கொண்டு டிவி, பிரிண்டருக்கு விடுங்கள்.

எதற்கு இந்தப் பெட்டி ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐபி கேமராவுக்கு வயரிலேயே கரண்டும் போக வேண்டும் என்றால் இது உதவாது, அதற்கு பிஓஇ சுவிட்ச் தனி ரகம். 802.3ஏஎஃப் என்று போட்டிருந்தால் போர்ட்டுக்கு 15.4 வாட் வரை கொடுக்கும், சாதாரண கேமராவுக்கு அதுவே மேல். அந்தத் தரத்தில் உள்ளவை எதிர்ப்பக்கம் கரண்ட் கேட்கிற சாமானா என்று பேசிப் பார்த்துவிட்டுத்தான் கரண்ட் விடும், தவறிப்போய்க் கம்ப்யூட்டரைச் சொருகினாலும் ஒன்றும் ஆகாது. எதையும் கேட்காமல் கரண்டைத் தள்ளிவிடுகிற மலிவு ரகமும் சந்தையில் இருக்கிறது, அதில் கேமராவைத் தவிர வேறெதையும் தொடவிடாதீர்கள். எங்களிடம் இருக்கும் கேமராக்கள் என்விஆரின் பின்னாலேயே இருக்கும் பிஓஇ போர்ட்டில் மாட்டியவை, அதனால் எனக்கு இந்தச் செலவு வரவில்லை. பிஓஇ கேமராவுக்கு முலாம் வயர் போடுவது இன்னும் ஆபத்து, கடத்தும் திறன் குறைந்த வயரில் கரண்ட் போனால் சூடாகும்.

அதேபோல, ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் தனி ரூட்டர் வைத்து அந்த ரூட்டரில்தான் யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டு இணைப்பு எடுக்கிறீர்கள் என்றால், சுவிட்சை ரூட்டரின் லேன் பக்கம் வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் வைத்து அதில் டிவியைச் சொருகிவிட்டு நெட் வரவில்லை என்று பெட்டியைத் திட்டக் கூடாது.

இன்னொன்று, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் முக்கியம்: ஒரே வயரின் இரண்டு முனையையும் இதே சுவிட்சில் சொருகினால் மொத்த வீட்டு நெட்டும் படுத்துவிடும். சேதி ஒன்று உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து பெருகி வழியை அடைத்துவிடும், பெரிய அலுவலகங்களில் வைக்கிற விலை கூடிய சுவிட்சுகளுக்கு இதைக் கண்டுபிடித்து நிறுத்தத் தெரியும், இந்த விலைப் பெட்டிக்குத் தெரியாது. விளக்கெல்லாம் ஒன்றாகப் படபடவென்று அடித்துக்கொண்டு எங்கேயும் நெட் இல்லையென்றால் முதலில் இதைப் பாருங்கள். கழற்றினால் சரியாகிவிடும், பெட்டிக்கு ஒன்றும் ஆகாது.

இடி. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் இடி இறங்குவது எப்படி என்று தெரியும், சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் சாயங்காலம் ஆனால் மேற்கிலிருந்து உருட்டிக்கொண்டு வரும். ஃபைபர் கண்ணாடி, அதில் மின்னல் கடத்திக்கொண்டு வராது, ஆனால் அதோடு சேர்ந்திருக்கிற கரண்ட் லைனும், மொட்டை மாடிக் கேமராவிலிருந்து கீழே இறங்குகிற செம்பு வயரும் கடத்தும். பக்கத்தில் எங்கேயாவது விழுந்தாலே அந்த நீள வயரில் தூண்டப்படுகிற மின்சாரம் போர்ட்டைச் சுட்டுவிடப் போதும். இரண்டு போர்ட் செத்து மூன்று போர்ட் உயிரோடு இருக்கிற சுவிட்சுகளை இந்த ஊர் ரிப்பேர் கடைகளில் நிறையப் பார்க்கலாம். இடி பக்கத்தில் வருவதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும், அடாப்டரை மட்டும் பிடுங்கினால் பத்தாது, மொட்டை மாடியிலிருந்து வருகிற லேன் வயரையும் பிடுங்குங்கள். அந்த வயரில் ஒரு டேப் சுற்றி “மாடி” என்று எழுதி வைத்துவிட்டால் நாம் ஊரில் இல்லாதபோது வீட்டில் இருக்கிறவர்களே பிடுங்கிவிடுவார்கள். வெயிலில் கிடக்கிற நீளத்துக்கு உள்வீட்டு வயரைப் போடாதீர்கள், தோல் வெடித்துவிடும், வெளியிடத்துக்கென்றே கறுப்பு உறை போட்டு விற்கிறார்கள்.

செலவு மொத்தம்: சுவிட்ச் ஆயிரம், வயர் ஆயிரத்தை ஒட்டி, கேசிங் பட்டி, பைப், கிளிப் எல்லாம் சேர்த்து ஐந்நூறு, ஆள் கூலி எழுநூறு. மெஷ் விலையில் பாதிதான். டிவி இப்போது சுற்றுவதில்லை. மச்சில் வீடியோ மீட்டிங் நடக்கும்போது கீழே என்ன ஓடினாலும் எனக்குத் தெரிவதில்லை. கம்ப்யூட்டரிலிருந்து பட்டாசலில் உள்ள சாமான்களுக்கு ஃபைல் அனுப்பினால் வயர் வேகத்தில் போகிறது. வைஃபையை விட்டு இத்தனை சாமான் இறங்கிவிட்டதால் மிச்சமிருக்கிற போன்களுக்கும் காற்றில் இடம் கிடைத்திருக்கிறது, இது நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே தெரிகிறது.

வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டைக் கடைகளில் விலை கேட்டுவிட்டு ஆன்லைனிலும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், ஐம்பது நூறு வித்தியாசம் என்றால் கடையிலேயே வாங்கிவிடுங்கள், அடாப்டர் போனால் மாற்றிக் கேட்க ஆள் இருக்கும். வாரண்டி வருடம் அட்டையில் போட்டிருக்கும். பில்லில் சீரியல் நம்பரை எழுதித் தரச் சொல்லுங்கள், “எதுக்கு அண்ணாச்சி, ஆயிரம் ரூவா சாமானுக்கு” என்பார்கள், பரவாயில்லை எழுதுங்க என்று நின்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.